லூயிஸ் அமைப்பு வரைந்து மூலக்கூறின் வடிவத்தைக் கண்டுபிடிக்கும் வழி

கார்பன் டை ஆக்சைடு, சல்பர் டை ஆக்சைடு இரண்டுக்கும் வாய்பாடு ஒரே மாதிரிதான்: நடுவில் ஓர் அணு, அதனோடு சேர்ந்த இரண்டு ஆக்சிஜன். ஆனால் முதலாவது நேர்கோட்டில் அமைந்த மூலக்கூறு. இரண்டாவது ஏறத்தாழ 119 டிகிரியில் வளைந்தது. வாய்பாட்டை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இதற்குக் காரணம் புலப்படாது. எலக்ட்ரான்களை ஒழுங்காக எண்ணினால் சில நிமிடங்களில் புலப்பட்டுவிடும். அந்த எண்ணும் முறையைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். கையில் தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு, ஒவ்வோர் எடுத்துக்காட்டையும் கூடவே வரைந்து வாருங்கள். படித்து மட்டும் இது கைவராது.

இரண்டு அணுக்கள் ஓர் எலக்ட்ரான் இரட்டையைப் பங்கிட்டுக்கொள்வதே பிணைப்பு என்ற கருத்தை அமெரிக்க வேதியியலாளர் கில்பர்ட் நியூட்டன் லூயிஸ் 1916ஆம் ஆண்டில் முன்வைத்தார். அணுவின் கருவுக்குள் என்ன இருக்கிறது என்பதே முழுதாகத் தெரியாத காலம் அது. எலக்ட்ரான்களைக் குறிக்க அப்போது அவர் வைத்த புள்ளிகளை இன்றும் நாம் வைத்துக்கொண்டிருக்கிறோம்; எலக்ட்ரான்களைப் புள்ளிகளாகவும் பிணைப்புகளைக் கோடுகளாகவும் காட்டும் படமே லூயிஸ் அமைப்பு.

முதலில் எண்ணுங்கள், பிறகு வரையுங்கள்

புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் முதலில் படத்தை வரைந்துவிட்டு, பிறகு எலக்ட்ரான்கள் சரியாக இருக்கின்றனவா என்று தேடுவார்கள். வரிசையை மாற்றுங்கள். மூலக்கூறில் உள்ள எல்லா அணுக்களின் இணைதிறன் எலக்ட்ரான்களையும், அதாவது வெளிக்கூட்டில் உள்ள எலக்ட்ரான்களையும், முதலிலேயே கூட்டி ஓர் எண்ணாகத் தாளின் மூலையில் எழுதிவிடுங்கள். அந்த எண் கடைசிவரை மாறக்கூடாது. படத்தில் அதைவிட ஒன்று கூடினாலும் குறைந்தாலும் படம் தவறு.

ஹைட்ரஜனுக்கு 1, போரானுக்கு 3, கார்பனுக்கு 4, நைட்ரஜனுக்கும் பாஸ்பரசுக்கும் 5, ஆக்சிஜனுக்கும் சல்பருக்கும் 6, ஃபுளூரின், குளோரின் முதலிய ஹாலஜன்களுக்கு 7. தனிம அட்டவணையில் 13 முதல் 18 வரையுள்ள தொகுதிகளில் தொகுதி எண்ணிலிருந்து பத்தைக் கழித்தால் இந்த எண் கிடைக்கும். ஹீலியம் மட்டும் விதிவிலக்கு. அது நம் கணக்கில் வரப்போவதும் இல்லை.

அயனியாக இருந்தால் எதிர்மின்சுமை ஒவ்வொன்றுக்கும் ஓர் எலக்ட்ரானைக் கூட்டுங்கள். நேர்மின்சுமை ஒவ்வொன்றுக்கும் ஒன்றைக் கழியுங்கள். இந்த இடத்தில் பலருக்கும் குறி தலைகீழாகிவிடும். எலக்ட்ரானே எதிர்மின்சுமை கொண்டது, அது கூடினால்தான் எதிர்மின்சுமை கூடும் என்பதை நினைவில் வையுங்கள். நைட்ரேட் அயனியில் நைட்ரஜனுக்கு 5, மூன்று ஆக்சிஜனுக்கு 18, எதிர்மின்சுமைக்கு 1, ஆக மொத்தம் 24. அம்மோனியம் அயனியில் 5, நான்கு ஹைட்ரஜனுக்கு 4, நேர்மின்சுமைக்காக ஒன்று கழிய 8.

அடுத்து, எந்த அணு நடுவில் வரும்? எலக்ட்ரான் கவர்தன்மை, அதாவது பிணைப்பின் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கும் திறன், குறைந்தது நடுவில் வரும். ஹைட்ரஜனுக்கு மட்டும் எப்போதும் ஓரம்தான், அது ஒரே பிணைப்புக்கு மேல் தாங்காது. ஃபுளூரினையும் ஓரத்திலேயே வையுங்கள். நைட்ரிக் அமிலம், சல்பியூரிக் அமிலம் போன்றவற்றில் ஹைட்ரஜன் நடு அணுவோடு சேராமல் ஆக்சிஜனோடு சேர்ந்திருக்கும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வாய்பாட்டில் ஹைட்ரஜன் முதலில் எழுதப்படுவதால் பலர் அதை நைட்ரஜனோடு ஒட்டிவிடுகிறார்கள்.

இரண்டு மூலக்கூறுகளை அருகருகே வரைதல்

இனி நிரப்பும் வேலை. நடு அணுவிலிருந்து ஒவ்வோர் ஓர அணுவுக்கும் ஒற்றைக் கோடு போடுங்கள்; ஒரு கோடு இரண்டு எலக்ட்ரான். பெரும்பாலான அணுக்கள் தம்மைச் சுற்றி எட்டு எலக்ட்ரான்கள் இருக்கும்படி அமையும் என்பதே எட்டு விதி; ஆகவே மீதி எலக்ட்ரான்களை முதலில் ஓர அணுக்களுக்குக் கொடுத்து ஒவ்வொன்றையும் எட்டாக்குங்கள் (ஹைட்ரஜனுக்கு இரண்டே போதும்). அதன் பிறகும் மிஞ்சுவதை நடு அணுவின் மேல் வையுங்கள். நடு அணுவுக்கு எட்டு நிறையவில்லை என்றால், ஓர அணுவின் தனித்த இரட்டை (பிணைப்பில் சேராத எலக்ட்ரான் இரட்டை) ஒன்றை இழுத்து இரட்டைப் பிணைப்பாக்குங்கள்.

கார்பன் டை ஆக்சைடில் மொத்தம் 16. இரண்டு கோடுகளுக்கு 4 போக 12 மிச்சம். ஆக்சிஜன் ஒவ்வொன்றுக்கும் 6 கொடுத்தால் எல்லாம் தீர்ந்துவிட்டது. கார்பனைச் சுற்றி நான்கே எலக்ட்ரான்கள். ஆகவே ஒவ்வோர் ஆக்சிஜனிலிருந்தும் ஓர் இரட்டையை இழுக்க, இருபுறமும் இரட்டைப் பிணைப்பு அமைகிறது. கார்பனின் மேல் தனித்த இரட்டை எதுவும் இல்லை.

சல்பர் டை ஆக்சைடில் மொத்தம் 18. கோடுகளுக்கு 4, ஆக்சிஜன்களுக்கு 12 போனபிறகு இரண்டு மிஞ்சுகின்றன. அவை சல்பரின் மேல் தனித்த இரட்டையாக உட்காருகின்றன. இப்போது சல்பரைச் சுற்றி ஆறு. ஓர் ஆக்சிஜனிலிருந்து ஓர் இரட்டையை இழுத்தால் எட்டு.

வேறுபாடு அந்த மிஞ்சிய இரண்டு எலக்ட்ரான்களில் இருக்கிறது. மூலக்கூறுகளின் வடிவம் பற்றிய கேள்விகளில் நேரும் தவறுகளில் பெரும்பங்கு நடு அணுவின் தனித்த இரட்டையை மறப்பதால் வருகிறது என்பது என் எண்ணம். ஓர அணுக்களின் புள்ளிகளை அனைவரும் ஒழுங்காக வைத்துவிடுகிறார்கள். அவற்றால் வடிவத்துக்கு ஒன்றும் ஆவதில்லை.

சரிபார்க்க ஒரு குறுக்குவழி உண்டு. எல்லா அணுக்களுக்கும் எட்டு (ஹைட்ரஜனுக்கு இரண்டு) வேண்டும் என்று கூட்டி, கையில் உள்ள மொத்தத்தைக் கழித்து, இரண்டால் வகுத்தால் பிணைப்புகளின் எண்ணிக்கை வரும். கார்பன் டை ஆக்சைடுக்கு 24லிருந்து 16ஐக் கழித்தால் 8, அதாவது நான்கு பிணைப்புகள். சல்பர் டை ஆக்சைடுக்கு 24லிருந்து 18ஐக் கழித்தால் 6, மூன்று பிணைப்புகள். ஃபார்மால்டிஹைடுக்கு 20லிருந்து 12ஐக் கழித்தால் 8, மறுபடி நான்கு: கார்பனிலிருந்து இரண்டு ஹைட்ரஜனுக்கு ஒவ்வொரு கோடு, ஆக்சிஜனுக்கு இரண்டு கோடு. எட்டு விதிக்குக் கட்டுப்படும் மூலக்கூறுகளுக்கு மட்டும்தான் இந்தக் கணக்கு பொருந்தும்.

ஒன்றுக்கு மேற்பட்ட படம் வந்தால்

கார்பன் டை ஆக்சைடில் ஒரு பக்கம் முப்பிணைப்பு, மறுபக்கம் ஒற்றைப் பிணைப்பு என்றும் வரையலாம். எட்டும் நிறைகிறது, மொத்தமும் 16தான். எது சரி என்று முடிவு செய்ய முறைசார் மின்சுமை உதவும். அணுவின் இணைதிறன் எலக்ட்ரான்களிலிருந்து அதன் மேலுள்ள புள்ளிகளையும், அதைத் தொடும் கோடுகளையும் கழியுங்கள். முப்பிணைப்பு உள்ள ஆக்சிஜனுக்கு 6லிருந்து 2, 3 போக +1. ஒற்றைப் பிணைப்பு உள்ளதற்கு 6லிருந்து 6, 1 போக −1. இரண்டு இரட்டைப் பிணைப்புகள் உள்ள படத்திலோ எல்லா அணுக்களுக்கும் சுழியம். சுழியத்துக்கு நெருங்கிய படத்தையே தேர்ந்தெடுங்கள். மின்சுமை தவிர்க்க முடியாதது என்றால் எதிர்மின்சுமை எலக்ட்ரான் கவர்தன்மை மிகுந்த அணுவின் மேல் இருக்கும் படம் சிறந்தது. எல்லா அணுக்களின் முறைசார் மின்சுமைகளையும் கூட்டினால் மூலக்கூறின் அல்லது அயனியின் மின்சுமையே வரவேண்டும். வராவிட்டால் எங்கோ ஒரு புள்ளி விடுபட்டிருக்கிறது.

முறைசார் மின்சுமை கணக்குக்கான கருவி. அணுவின் மேல் மெய்யாகவே அவ்வளவு மின்சுமை இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கார்பன் மோனாக்சைடில் முப்பிணைப்புப் படம் கார்பனுக்கு −1, ஆக்சிஜனுக்கு +1 என்று காட்டும். மூலக்கூறின் இரு முனைகளில் மின்சுமை எவ்வளவு பிரிந்து நிற்கிறது என்பதைக் காட்டும் அளவு இருமுனைத் திருப்புத்திறன், அதன் அலகு டிபை. அந்த மூலக்கூறில் அதை அளந்தால் 0.1 டிபை அளவுதான். ஒரு முழு எலக்ட்ரான் இடம் மாறியிருந்தால் அதைப்போலப் பல மடங்கு இருந்திருக்கும்.

சில நேரம் இரண்டு மூன்று படங்கள் எல்லா வகையிலும் சமமாக நிற்கும். சல்பர் டை ஆக்சைடில் இரட்டைப் பிணைப்பை இடப்பக்கம் போடலாம், வலப்பக்கமும் போடலாம். நைட்ரேட்டில் மூன்று இடங்கள். இதற்கு உடனிசைவு என்று பெயர். மூலக்கூறு ஒரு படத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டிருக்கிறது என்று நினைப்பது பரவலான தவறு. உண்மையில் இருப்பது ஒரே அமைப்பு. நம் கோடுகளால் அதை ஒரே படத்தில் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான். ஓசோனை அளந்து பார்த்தால் இரண்டு பிணைப்புகளும் ஒரே நீளம், ஏறத்தாழ 128 பிக்கோமீட்டர். ஆக்சிஜன் மூலக்கூறின் இரட்டைப் பிணைப்பு 121. ஹைட்ரஜன் பெராக்சைடின் ஒற்றைப் பிணைப்பு ஏறத்தாழ 147. ஓசோன் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வடிவத்தைக் கணிக்க உடனிசைவுப் படங்களில் ஏதாவது ஒன்று போதும். எதை எடுத்தாலும் விடை ஒன்றே.

எட்டுக்கு அடங்காதவை

குறைவாக நிற்பவை: போரான் ட்ரை ஃபுளூரைடில் போரானைச் சுற்றி ஆறே எலக்ட்ரான்கள். அப்படியே விட்டுவிடுங்கள், ஃபுளூரினிலிருந்து இழுத்து இரட்டைப் பிணைப்பாக்கினால் ஃபுளூரினின் மேல் நேர்மின்சுமை வரும், அதை நம்புவது கடினம்.

ஒற்றைப்படை: நைட்ரிக் ஆக்சைடில் 11, நைட்ரஜன் டை ஆக்சைடில் 17. எப்படி வரைந்தாலும் ஓர் எலக்ட்ரான் துணையின்றி நிற்கும்.

எட்டைத் தாண்டுபவை: பாஸ்பரஸ் பென்டா குளோரைடு, சல்பர் ஹெக்சா ஃபுளூரைடு, செனானின் ஃபுளூரைடுகள். தனிம அட்டவணையின் மூன்றாம் வரிசையிலும் அதற்குக் கீழும் உள்ள தனிமங்களுக்கு மட்டுமே இந்தச் சலுகை. கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன், ஃபுளூரின் ஆகியவற்றைச் சுற்றி எட்டுக்கு மேல் எலக்ட்ரான்களை வைத்துவிட்டால் உடனே அழியுங்கள், கேள்வியே வேண்டாம்.

சில நூல்களில் சல்பர் டை ஆக்சைடை இருபுறமும் இரட்டைப் பிணைப்போடு, சல்பரைச் சுற்றிப் பத்து எலக்ட்ரான்களோடு வரைந்திருப்பார்கள். எது மேல் என்று வேதியியலாளர்களே வாதிட்டுக்கொள்வார்கள். நமக்குக் கவலையில்லை: இரண்டு படங்களும் ஒரே வடிவத்தைத்தான் தருகின்றன. ஏன் என்பது அடுத்துத் தெரியும்.

படத்திலிருந்து வடிவத்துக்கு

லூயிஸ் படத்தில் கோணங்கள் இல்லை. மீத்தேனைத் தாளில் கூட்டல் குறிபோல வரைகிறோம் என்பதால் அதன் கோணம் 90 டிகிரி ஆகிவிடாது. டைகுளோரோ மீத்தேனை இரண்டு குளோரினும் எதிரெதிரே இருக்கும்படியும் வரையலாம், அருகருகே இருக்கும்படியும் வரையலாம். தாளில் அவை இரண்டு பொருள்கள்போலத் தோன்றும். சோதனைக்கூடத்தில் கிடைப்பது ஒன்றே ஒன்று. கார்பனின் நான்கு பிணைப்புகளும் நான்முகியின் (நான்கு முக்கோண முகங்கள் கொண்ட உருவத்தின்) நான்கு முனைகளை நோக்கி நிற்கின்றன என்று வேதியியலாளர்கள் வான்ட் ஹாஃபும் லெ பெல்லும் 1874இல் தனித்தனியே சொன்னதை ஏற்றால் இது இயல்பாக விளங்கிவிடும்.

வடிவத்தைக் கணிக்கும் விதி இணைதிறன் கூடு எலக்ட்ரான் இரட்டை விலக்கக் கொள்கை. பெயர் நீளம், கருத்து சிறிது: நடு அணுவைச் சுற்றியுள்ள எலக்ட்ரான் தொகுதிகள் ஒன்றையொன்று விலக்கி, முடிந்தவரை தள்ளி நிற்கும். சிட்ஜ்விக்கும் பவலும் 1940இல் தொடங்கிவைத்த இந்தக் கருத்தை கில்லெஸ்பியும் நைஹோமும் 1957இல் இன்றைய உருவுக்குக் கொண்டுவந்தார்கள். நான்கு பலூன்களின் வாயைச் சேர்த்துக் கட்டிப் பாருங்கள். யாரும் சொல்லாமலே அவை நான்முகியாக விரிந்து நிற்கும்.

தொகுதி என்பதை எண்ணுவதில்தான் கவனம் தேவை. ஒற்றைப் பிணைப்பு ஒரு தொகுதி. இரட்டைப் பிணைப்பும் ஒரே தொகுதி, முப்பிணைப்பும் ஒரே தொகுதி. அந்த எலக்ட்ரான்கள் எல்லாம் ஒரே திசையில்தானே இருக்கின்றன. தனித்த இரட்டையும் ஒரு தொகுதி. நடு அணுவுக்கு மட்டும் எண்ணுங்கள். சல்பர் டை ஆக்சைடில் பிணைப்பு ஒற்றையோ இரட்டையோ, சல்பரைச் சுற்றி மூன்று தொகுதிகள்தான். மேலே சொன்ன வாதம் வடிவத்தைத் தொடாததற்கு இதுவே காரணம்.

இரண்டு தொகுதிகள் என்றால் நேர்கோடு, 180 டிகிரி. மூன்று என்றால் தள முக்கோணம், 120. நான்கு என்றால் நான்முகி, 109.5. ஐந்து என்றால் முக்கோண இருபிரமிடு. அதில் 90, 120 என இருவகைக் கோணங்கள். ஆறு என்றால் எண்முகி, 90.

இது தொகுதிகளின் அமைப்பு. மூலக்கூறின் வடிவத்துக்குப் பெயர் சூட்டும்போது அணுக்களை மட்டும் பார்க்க வேண்டும். தனித்த இரட்டை இடத்தை அடைத்துக்கொள்ளும், பெயரில் வராது. மீத்தேன், அம்மோனியா, நீர் மூன்றிலும் நான்கு தொகுதிகளே. மீத்தேனில் நான்கு முனைகளிலும் அணு இருப்பதால் நான்முகி. அம்மோனியாவில் ஒரு முனையைத் தனித்த இரட்டை பிடித்துக்கொண்டதால் முக்கோணப் பிரமிடு. நீரில் இரண்டு முனைகள் போய்விட்டதால் வளைந்த வடிவம்.

கோணங்களும் அந்த வரிசையிலேயே சுருங்குகின்றன: 109.5, 107, 104.5 டிகிரி. பிணைப்பிலுள்ள இரட்டையை இரண்டு கருக்கள் பிடித்திழுக்கின்றன. தனித்த இரட்டைக்கு ஒரே கரு. அதனால் அது நடு அணுவுக்கு நெருக்கமாக, அகலமாகப் பரந்து, பக்கத்துப் பிணைப்புகளை நெருக்கித் தள்ளுகிறது.

இதை நன்றாகக் காட்டுவது நைட்ரஜனும் இரண்டு ஆக்சிஜனும் சேர்ந்த மூன்று பொருள்கள். நைட்ரோனியம் அயனியில் 16 எலக்ட்ரான்கள், நைட்ரஜனின் மேல் எதுவும் மிஞ்சவில்லை, கோணம் 180. நைட்ரஜன் டை ஆக்சைடில் 17, நைட்ரஜனின் மேல் ஒற்றை எலக்ட்ரான், கோணம் 134. நைட்ரைட் அயனியில் 18, முழு இரட்டை, கோணம் 115. அணுக்கள் அதேதான், ஒவ்வோர் எலக்ட்ரானாகச் சேரச் சேர மூலக்கூறு வளைந்துகொண்டே போகிறது. அரை இரட்டை அரைகுறையாகத்தான் தள்ளும் என்பதைக்கூட அளவுகள் காட்டிவிடுகின்றன. இந்த மூன்றையும் நீங்களே வரைந்து பார்த்தால், விதியை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இருக்காது.

ஐந்தும் ஆறும்

ஐந்து தொகுதிகளில் ஒரு சிக்கல்: எல்லா இடங்களும் சமம் அல்ல. மேலும் கீழுமாக இரண்டு அச்சு இடங்கள், இடுப்பைச் சுற்றி மூன்று நடுவட்ட இடங்கள். அச்சில் இருப்பதற்கு 90 டிகிரியில் மூன்று அண்டைகள். நடுவட்டத்தில் இருப்பதற்கு இரண்டே. இடம் அதிகம் கேட்கும் தனித்த இரட்டை நடுவட்டத்தில்தான் போய் உட்காரும். சல்பர் டெட்ரா ஃபுளூரைடில் (34 எலக்ட்ரான்கள்) ஒரு தனித்த இரட்டை, வடிவம் சீசா. குளோரின் ட்ரை ஃபுளூரைடில் (28) இரண்டு, வடிவம் ஒரு தண்டின் மேல் குறுக்குக் கட்டை வைத்ததுபோல். செனான் டை ஃபுளூரைடில் (22) மூன்றும் நடுவட்டத்தை நிரப்பிவிட, அச்சில் இருக்கும் இரண்டு ஃபுளூரின்களும் நேர்கோட்டில் நிற்கின்றன.

ஆறில் அந்தச் சிக்கல் இல்லை; எல்லா இடங்களும் சமம். முதல் தனித்த இரட்டை எங்கு வேண்டுமானாலும் உட்காரலாம். இரண்டாவது அதற்கு நேர் எதிரே உட்காரும். செனான் டெட்ரா ஃபுளூரைடைப் பாருங்கள்: 8, நான்கு ஃபுளூரினுக்கு 28, மொத்தம் 36. கோடுகளுக்கு 8, ஃபுளூரின்களுக்கு 24 போக 4 மிச்சம், அதாவது இரண்டு தனித்த இரட்டைகள். மேலொன்று கீழொன்று. ஆகவே சதுரத் தளம். 1962ஆம் ஆண்டுவரை செனான் எதனோடும் சேராது என்றே நம்பியிருந்தார்கள்; அந்த ஆண்டில் நீல் பார்ட்லெட் அதன் சேர்மம் ஒன்றை உருவாக்கிக் காட்டியபிறகு இந்த ஃபுளூரைடுகள் அடுத்தடுத்து வந்தன.

நடு அணு ஒன்றுக்கு மேல் இருந்தால் பயப்படாமல் ஒவ்வொன்றாக எடுங்கள். அசிட்டிக் அமிலத்தில் முதல் கார்பன் நான்முகி, இரண்டாவது தள முக்கோணம், ஹைட்ரஜனைத் தாங்கும் ஆக்சிஜனில் வளைவு.

வடிவம் தெரிந்தால் முனைவுத்தன்மையும், அதாவது மூலக்கூறின் ஒரு பக்கம் நேர்மின்சுமையும் மறுபக்கம் எதிர்மின்சுமையும் சற்றே மிகுந்திருக்கிறதா என்பதும், உடனே தெரியும். கார்பன் டை ஆக்சைடில் இரண்டு பிணைப்புகளும் எதிரெதிரே இழுத்து ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுவதால் இருமுனைத் திருப்புத்திறன் சுழியம். சல்பர் டை ஆக்சைடு வளைந்திருப்பதால் அப்படி ஈடாவதில்லை; 1.6 டிபை.

எங்கே நம்பக்கூடாது

இந்த முறை வடிவத்தின் பெயரைச் சரியாகச் சொல்லும். கோணத்தின் எண்ணை எப்போதும் சொல்லாது. ஹைட்ரஜன் சல்பைடை நீரைப்போலவே வரைவோம், வளைந்தது என்ற விடையும் சரி. ஆனால் அதன் கோணம் 92 டிகிரி. 104க்குப் பக்கத்தில் இருக்கும் என்று எழுதினால் தவறு, 109.5ஐவிடக் குறைவு என்று எழுதுவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இரும்பு, தாமிரம் போன்ற இடைநிலை உலோகங்களின் சேர்மங்களுக்கும் இந்த விதியைக் கொண்டுபோகாதீர்கள்.

ஆக்சிஜன் மூலக்கூறு இன்னொரு விதத்தில் காலை வாரும். லூயிஸ் படத்தில் அதன் எலக்ட்ரான்கள் எல்லாம் இரட்டை இரட்டையாக அமைந்துவிடுகின்றன. ஆனால் திரவ ஆக்சிஜனைக் காந்த முனைகளுக்கு நடுவே ஊற்றினால் அங்கேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். துணையில்லாத எலக்ட்ரான்கள் இரண்டு அதில் இருப்பதன் அடையாளம் அது. அதை விளக்க, எலக்ட்ரான்கள் மூலக்கூறு முழுவதும் பரவியிருப்பதாகக் கொள்ளும் மூலக்கூறு ஆர்பிட்டால் கொள்கை வேண்டும்.

பழக இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்: ஹைட்ரோனியம் அயனி, கார்பன் டை சல்பைடு, கார்பனேட் அயனி, பாஸ்பரஸ் ட்ரை குளோரைடு, ட்ரை அயோடைடு அயனி. மொத்த எலக்ட்ரான்கள் முறையே 8, 16, 24, 26, 22. வடிவங்கள் முக்கோணப் பிரமிடு, நேர்கோடு, தள முக்கோணம், முக்கோணப் பிரமிடு, நேர்கோடு. கடைசியில் வளைந்த வடிவம் வந்திருந்தால், நடு அயோடினின் மேல் மூன்று தனித்த இரட்டைகள் வைத்தீர்களா என்று பாருங்கள். வைத்திருந்தும் வளைந்தால், அவற்றில் ஏதோ ஒன்றை அச்சில் வைத்துவிட்டீர்கள்.